களியக்காவிளைப் பக்கம் செல்வோர் அறிய வேண்டிய அவசர மருத்துவ உதவி

குமரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை போன்ற ஊர்களில் வெளிநாட்டிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்குவோர், அவசரம் நேர்ந்தால் எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதை வந்து இறங்கிய அன்றே வீட்டாருடன் பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டும். நாகர்கோவிலை அடுத்த ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எல்லைக்கு அப்பால் கேரளத்தின் திருவனந்தபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையமும் இருக்கின்றன. முடிவு இல்லாத வீட்டில், நோயாளி கிடக்க, ஆளுக்கொரு திசை சொல்வார்கள்.

ஆம்புலன்சுக்கு இரு மாநிலங்களிலும் 108தான். பொது அவசர எண் 112. கைபேசி பிடிக்கும் கோபுரம் அடுத்த மாநிலத்தினுடையதாக இருந்தால் அழைப்பும் அங்கே போய்ச் சேரக்கூடும் என்பதால், ஊர், மாவட்டம், மாநிலம் மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு சிம்மை நம்பாமல் வீட்டாரின் கைபேசியிலிருந்து அழைப்பதே நல்லது.

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தொய்ந்துபோதல், பேச்சு குழறுதல் ஆகியவற்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும், பக்கவாதம் என்றே கொண்டு புறப்பட வேண்டும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால், நோயாளி கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார்; விழித்தெழும்போதே அறிகுறி இருந்தால், படுக்கப்போன நேரத்தைச் சொல்லுங்கள். சி.டி. ஸ்கேன் இல்லாத சிறிய மருத்துவமனையில் காத்திருப்பது பெரும்பாலும் வீண். மூளையின் இரத்தக்குழாயில் அடைப்பா, இரத்தக்கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். அதற்குமுன் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றினால் புரையேறும்.

நெஞ்சில் பாரமும் வியர்வையும் வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம்; வாயுப்பிடிப்பு என்று சுக்குக் கஷாயம் வைக்கும் பாசத்தைப் பணிவாக மறுத்துவிட்டுக் கிளம்புங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் அசதியும் மட்டும் தோன்றலாம்.

ரப்பர்த் தோட்டத்தில் பாம்பு கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். இரவில் கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். காலையில் வயிற்றுவலியும் இமை தொங்கலும் தோன்றினால் அதையும் சந்தேகிக்க வேண்டும்.

சாலை விபத்தில் மட்டும் எல்லைக்கோடு பணத்தையும் தொடுகிறது. தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளானவர் வெளிநாட்டவரே ஆனாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை வரம்புக்கு உட்பட்டு இலவசம். எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலையில் அடிபட்டால் அது பொருந்தாது. மற்றச் செலவுக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண்ணையும், நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் வணிகப் பெயரோடு மூலப்பெயரையும் (ஜெனரிக் பெயர்) தாளில் எழுதி, கடவுச்சீட்டு நகலுடன் வீட்டார் கையில் கொடுத்துவையுங்கள்.