லினோ அச்சும் ஸ்டென்சிலும்: கணவாய்க் காற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் வீட்டிலேயே லினோ (உளியால் செதுக்கி மை தடவி அச்சடிக்கும் தகடு) வெட்டி வாழ்த்து அட்டையும் துணிப்பையும் அச்சடிப்பவர்களுக்கு வெட்டும் வேலை சீக்கிரம் கைவந்துவிடுகிறது. பிரதிகள் கெடுவது பெரும்பாலும் மையில்தான். அதில் நம் ஊர்க் காற்றுக்கும் மழைக்கும் பங்குண்டு. வெளியூர்ச் செய்முறையை அப்படியே இங்கே செய்தால் சரிவராது.

மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும். தண்ணீரில் கரையும் மையைக் கண்ணாடியில் ரோலரால் உருட்டிக்கொண்டிருக்கும்போதே ஓரம் காய்ந்துவிடும். உடனே இன்னும் கொஞ்சம் மை பிதுக்கி மேலே உருட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மை தடித்துப்போய் நுண்ணிய கோடுகளை அடைத்துவிடும், அச்சில் திட்டுத்திட்டாக விழும். மின்விசிறியை நிறுத்துங்கள், கிழக்குச் சன்னலைச் சாத்துங்கள், மையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். இரண்டு மூன்று சொட்டு கிளிசரின் கலந்தால் இன்னும் சிறிது நேரம் தாங்கும்.

மையின் அளவு சரியா என்பதைக் காதால் கேட்டே சொல்லலாம். ரோலர் உருளும்போது சன்னமாகச் ‘சர்ர்’ என்று கேட்டு, மைப்பரப்பு வெல்வெட் மாதிரி தெரிந்தால் போதும். சொதசொதவென்று ஒட்டி, ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக எழும்பினால் மை அதிகம். மெல்லிய பூச்சாகப் பல முறை உருட்டுவதே நல்லது. முதல் இரண்டு மூன்று அச்சுகள் வெளிறித்தான் வரும். அவற்றைச் செய்தித்தாளில் எடுத்துவிடுங்கள்.

எண்ணெய் மை கெட்டியாக இருக்கிறதென்று தேங்காய் எண்ணெய் ஊற்றி இளக்குகிறார்கள். இதை மட்டும் செய்யவே கூடாது. எண்ணெய் மையில் இருப்பது பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவதையே நாம் ‘காய்வது’ என்கிறோம். தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணம் கிடையாது. கலந்தால் அச்சு வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். வேலை முடிந்தபின் ரோலரைத் துடைக்கத் தேங்காய் எண்ணெய் நல்லதுதான். ஆனால் அப்புறம் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் மிச்ச எண்ணெய் அடுத்த மையோடு சேர்ந்துகொள்ளும்.

லினோவும் இதே ஆளிவிதை எண்ணெய்ச் சரக்குதான். 1860-களில் பிரெடரிக் வால்டன் உருவாக்கிய இந்தப் பொருள், இறுகிய எண்ணெயோடு தக்கைத் தூள் சேர்த்துச் சணல் துணிமேல் பரப்பியது. பழையதாக ஆக ஆக அது மேலும் இறுகி, உளி பட்டாலே பொடிந்துவிடும். கடையில் வருடக்கணக்காகக் கிடந்த துண்டை மலிவு என்று வாங்காதீர்கள். புதிய லினோவும் குளிர்ந்த காலையில் கடினமாக இருந்தால், சில நிமிடம் வெயிலில் வைத்தால் இளகும். உளி மழுங்கினால் தீட்டுங்கள். மழுங்கிய உளிதான் வழுக்கி விரலைக் கிழிக்கும். லினோவைப் பிடிக்கும் கை எப்போதும் உளிமுனைக்குப் பின்னால் இருக்கட்டும். கோட்டின் இரு பக்கமும் வெளிப்புறமாகச் சரிந்திருக்க வேண்டும். அடியைக் குடைந்துவிட்டால் அழுத்தும்போது கோடு ஒடியும்.

லினோவில் வெட்டியது அச்சில் இடவலம் மாறி விழும். தமிழ் எழுத்து வெட்டுவோர் எழுத்துகளின் வரிசையை வலமிருந்து இடமாக மாற்றிவிட்டு, ஒவ்வொரு எழுத்தையும் திருப்ப மறந்துவிடுகிறார்கள். ட்ரேசிங் தாளில் எழுதி, அதைக் குப்புறப் போட்டு நகலெடுத்தால் இந்தக் குழப்பமே வராது. வடிவத்தைத் துளையாக வெட்டி அதன் வழியே சாயம் ஒற்றும் ஸ்டென்சிலில் எழுத்தைத் திருப்பவே கூடாது. அதில் சிக்கல் வேறு. ‘ட’, ‘ப’ போன்ற திறந்த எழுத்துகள் சுலபம். க, ம, வ ஆகியவற்றில் சுழிக்குள் இருக்கும் துண்டு, வெட்டியதும் கழன்று விழுந்துவிடும். வெளித்தாளோடு அதை இணைக்க மெல்லிய பாலம் விட வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி ஸ்டென்சிலில் வெறும் துளை. லினோவிலோ சுற்றிலும் வெட்டியபின் தனியே நிற்கும் குமிழ், முதலில் பெயர்ந்து போவதும் அதுதான். அதனால் லினோவில் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாகவே விடுங்கள்.

ஸ்டென்சிலுக்குப் பழைய எக்ஸ்ரே பிலிம் நன்றாக உழைக்கும். பிரஷ் கிட்டத்தட்ட உலர்ந்திருக்க வேண்டும், நிமிர்த்திப் பிடித்து ஒற்றி ஒற்றி எடுங்கள். இழுத்துத் தீட்டினால் சாயம் விளிம்புக்கு அடியில் கசியும். புது முண்டிலோ வேட்டியிலோ அச்சடிப்பதற்கு முன் கஞ்சி போகத் துவைத்துவிடுங்கள். கஞ்சிமேல் நின்ற சாயம் முதல் துவையலிலேயே கஞ்சியோடு போய்விடும்.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் தாள் ஈரம் வாங்கி விரியும். முதல் நிறத்தை வெயில் நாளிலும் இரண்டாவதை மழை நாளிலும் அடித்தால், எவ்வளவு கவனமாக வைத்தாலும் ஓரம் பொருந்தாது. தாள்களை ஒரே நேரத்தில் வெட்டி, பிளாஸ்டிக் உறையில் மூடி வைத்து, ஒரே மாதிரி நாளில் இரண்டு நிறங்களையும் முடிக்கப் பாருங்கள். எண்ணெய் மை மழையில் மெதுவாகத்தான் காயும், பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் கொடியில் தொங்கவிடுங்கள்.

கடைசியாக, ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். திறந்தவெளியில் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் போட்டுவையுங்கள்.