கொல்ல மனம் வராதவர்களுக்கு வேப்பங்கொட்டை

நிலக்கடலைக்குப் பூச்சிமருந்தடிக்கத் தயங்கும் வள்ளலார் பக்தர்கள் வடலூர், குறிஞ்சிப்பாடிப் பக்கம் உண்டு. பூச்சியும் உயிர்தானே! சரி, 10 லிட்டர் டேங்குக்கு 500 கிராம் வேப்பம்பருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். இடித்துத் துணியில் கட்டி, காலையில் தண்ணீரில் ஊறப்போடுங்கள். சாயங்காலம் பிழிந்து வடிகட்டி, 10 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்துத் தெளிக்கலாம். வெயிலில் அடித்தால் வீரியம் போய்விடும்.

கசந்த இலையைப் புழு தின்னாது. அந்துப்பூச்சி முட்டையிடுவதும் குறையும். இளம்புழு சில சாகத்தான் செய்யும், அதை மறைப்பானேன்? ஆனால் தேனீ, பொறிவண்டுக்குப் பெரிய சேதம் இல்லை.

அப்புறம், வரப்பில் ஆமணக்கு ஊன்றினால் புரோடீனியா என்ற அந்துப்பூச்சி அதைத் தேடிப்போய் முட்டையிடும். அந்த இலையைக் கிள்ளுவதா வேண்டாமா என்பது உங்கள் மனசு. விட்டால் புழு கடலைக்குள் இறங்கும்.