கல்லூரி வளாகத்தில் பட்டாம்பூச்சி வேண்டுமா? புல் வெட்டுபவரிடமிருந்து தொடங்குங்கள்

பினாங்கில் நான் பாடம் நடத்தும் கல்லூரியில் சில ஆண்டுகளுக்கு முன்பு மரம் நடும் விழா வைத்தோம். பேச்சு, படம் எல்லாம் முடிந்து நாற்பது கன்றுகள் நட்டோம். ஆறு மாதத்தில் பாதிக்கு மேல் பட்டுப்போயின. வெயில்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ஒரு கன்றின் அருகில் குந்திப் பார்த்தபோதுதான் விளங்கியது. தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் பட்டை சுற்றிலும் உரிந்து உள்மரம் வெள்ளையாகத் தெரிந்தது. புல் வெட்டும் மெஷினின் நைலான் கயிறு வாரந்தோறும் உரசிய காயம் அது. இலை சமைத்த உணவு வேருக்கு இறங்குவது அந்தப் பட்டை வழியாகத்தான். அது முழு வட்டமாக அறுந்தால் வேர் பட்டினி கிடக்கும், மரமும் செத்துவிடும்.

அதனால்தான் வளாகத்தில் பட்டாம்பூச்சியும் பறவையும் பெருக நான் சொல்லும் இந்தச் செய்முறையில் மண்வெட்டி மூன்றாம் படியில்தான் வருகிறது.

படி 1: ஏற்கெனவே குடியிருப்பவர்களை எண்ணுங்கள்

வளாகத்தில் நான்கு இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு பெரிய மரத்தடி, ஒரு லோங்காங் (வடிகால்) ஓரம், கேண்டீன் பின்புறம், ஒரு புல்வெளி. நம் ஊரில் பொழுது விடியவே ஏழு மணி தாண்டிவிடும், அதனால் காலை ஏழரைக்குப் போனால் போதும். ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். கண்ணில் படும் பூச்சி, பறவை எல்லாவற்றையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போடுங்கள், பெயர் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள். பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள்.

இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

படி 2: புல் வெட்டும் அண்ணனிடம் பேசுங்கள்

இதுதான் முக்கியமான படி. வளாகத்தில் எது வாழும், எது சாகும் என்பது பெரும்பாலும் அவர் கையில் இருக்கும் மெஷினைப் பொறுத்தது. நான் முதலில் போய், "அண்ணே, இந்த மூலையை மட்டும் வெட்டாம விட்டுடுங்களேன்" என்றேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர். வெட்டாம கெடந்தா சூப்பர்வைசர் என் சம்பளத்துலதான் கை வைப்பாரு."

அவர் சொன்னது நியாயம். எனவே பராமரிப்பு அலுவலகத்திலிருந்து மலாய் மொழியில் ஒரு கடிதம் வாங்கி அவர் கையில் கொடுங்கள். அந்த இடத்தில் ஒரு சிறிய பலகை நடுங்கள். சுற்றிலும் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டச் சொல்லுங்கள். ஓரம் சுத்தமாக இருந்தால், நடுவில் உள்ள புதர் வேண்டுமென்றே விடப்பட்டது என்று பார்ப்பவர்களுக்குப் புரியும். பாம்பு பயம் உள்ளவர்களுக்கும் அது ஆறுதல். நடைபாதையை ஒட்டிய இடம் வேண்டாம். பத்துக்குப் பத்து அடி இருந்தால் தொடங்கிவிடலாம்.

மற்ற புல்வெளிகளில் புல்லை ஒரு சாண் உயரத்துக்கு விட்டாலே வித்தியாசம் தெரியும். தொட்டாற்சிணுங்கி பூக்கும், தேனீ வரும். நகத்தளவு நீலப் பட்டாம்பூச்சி ஒன்று தரையை ஒட்டிப் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் புழு தின்பது இந்தத் தொட்டாற்சிணுங்கியைத்தான்.

படி 3: உணவாகும் செடியை நடுங்கள்

பூச்செடி பட்டாம்பூச்சிக்குத் தேன் தரும், அவ்வளவுதான். முட்டையிட அதற்கு வேறு செடி வேண்டும். நம் வீடுகளில் பின்வாசலில் நிற்கும் கறிவேப்பிலையே போதும். கறுப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை கொண்ட பட்டாம்பூச்சி அதில் முட்டை வைக்கும். சின்னப் புழு பறவை எச்சம் போலவே இருக்கும், அதனால் குருவி சீண்டாது. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். விரலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு மாதிரி ஒரு சிவப்புக் கவை நீளும், காட்டமான வாடையும் அடிக்கும். மாணவர்களுக்கு இதைக் காட்டிவிட்டால் அப்புறம் அந்தச் செடியை அவர்களே காவல் காப்பார்கள்.

எலுமிச்சையும் நடலாம். எருக்கு நட்டால் வேறு வகைப் பட்டாம்பூச்சி வரும், ஆனால் அதன் பால் கண்ணில் படக் கூடாது. ஊதாப் பூ பூக்கும் செண்டுடோக் செடியைப் பிடுங்காமல் விடுங்கள். பூவுக்குக் கருவண்டு போன்ற பெரிய தேனீ வரும், பழத்துக்குச் சிட்டைவிடச் சிறிய பூங்கொத்திக் குருவி வரும்.

மரம் என்றால் என் தேர்வு புன்னை. ஜார்ஜ்டவுன் இருக்கும் முனைக்கு முன்பு தஞ்சோங் பெனாகா என்று பெயர். பெனாகா என்பது நம் புன்னையேதான். நெய்தல் நிலத்து மரம் இந்தத் தீவுக்கும் சொந்த மரமாக இருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. விதையின் ஓட்டை உடைத்துவிட்டு ஊன்றினால் சீக்கிரம் முளைக்கும். மகிழமும் நல்ல மரம்தான். அத்தி வகைகளுக்கு வருகிற பறவைக் கூட்டம் வேறு எதற்கும் வராது, ஆனால் வேர் லோங்காங்கை உடைக்கும். கட்டடத்திலிருந்து தள்ளி நடுங்கள்.

மஞ்சள் பூ வெடிலியாவையும் உண்ணிச்செடியையும் தவிர்த்துவிடுங்கள். பார்க்க அழகுதான், ஆனால் பரவி மற்றதை அமுக்கிவிடும்.

பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறட்சி. ஏப்ரலிலோ செப்டம்பரிலோ நட்டால் மழை பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு கன்றையும் சுற்றி இரண்டு கைவிரி அகலத்துக்குச் சருகு போடுங்கள். அங்கே புல் முளைக்காது, மெஷினும் கிட்டே வராது. அடித்தண்டுக்கு ஒரு முழ உயரமுள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டைப் பிளந்து மாட்டிவிட்டால் இன்னும் பாதுகாப்பு.

படி 4: குளமும் கொசுவும்

குளம் என்று வாயெடுத்தாலே டெங்கி என்பார்கள். அந்தப் பயம் சரியானது. 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி, டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு கிடைத்தால் இடத்துக்கு உரியவருக்கு அபராதம் உண்டு. ஆனால் ஏடிஸ் விரும்புவது மீன் இல்லாத சின்னச் சின்னத் தண்ணீரை: பூந்தொட்டித் தட்டு, வெட்டிய மூங்கில், அடைத்துக்கொண்ட கூரைத் தாரை. முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை, ஒரு குறிப்பிட்ட கிழமையில், இவற்றைக் கவிழ்த்துவிட ஆள் வையுங்கள். இதற்கு ஆள் கிடைக்காவிட்டால் குளமே வேண்டாம்.

ஆள் இருந்தால் முழங்கால் ஆழத்தில், ஓரம் சரிவாக ஒரு குளம் வெட்டலாம். கப்பி மீன் வெளியூர்க்காரர், குளத்தில் விடாதீர்கள். மலாய்க்காரர்கள் கெப்பாலா தீமா என்று சொல்லும் சிறு மீன் இந்த மண்ணுக்கும் உரியது. தலையில் வெள்ளீயப் பொட்டு வைத்தாற்போல மின்னும், நீர்ப்பரப்பை ஒட்டியே நீந்திக் கொசுப்புழுவைத் தின்னும். பிறகு தட்டான் தானாக வரும், அதன் குஞ்சும் கொசுப்புழுவைத் தின்னும். டெங்கி நோயாளி இருந்து சுகாதாரத் துறை புகை அடிக்க வந்தால் தடுக்காதீர்கள். நோய் இல்லாத நேரத்தில் சும்மா வழக்கத்துக்குப் புகை அடிப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் புகையில் தேனீயும் பட்டாம்பூச்சியும் சேர்ந்தே சாகும்.

படி 5: சருகும் கேண்டீன் கழிவும்

சருகைப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பாதீர்கள், ஒரு தொட்டியில் மக்க வைத்து உரமாக்குங்கள். மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை காய்கறித் தோல், தேயிலைச் சக்கை. பிழிந்த துணி அளவுக்கு ஈரம், வாரம் ஒரு கிளறல். நம் சூட்டில் இரண்டு மூன்று மாதத்தில் மண் வாசம் வந்துவிடும். சோறு, கறி, எண்ணெய் வேண்டாம். எலி வரும், குரங்கும் வரும். மூடியும் கட்டாயம் வேண்டும்.

படி 6: கண்ணாடிச் சுவர்

அக்டோபர் வாக்கில் வடக்கிலிருந்து பறவைகள் இரவில் பறந்து வரும். தமிழ்நாட்டில் ஆறுமணிக்குருவி என்பார்களே, அதன் உறவான நீலச்சிறகுப் பறவை ஒன்று கண்ணாடியில் மோதிச் சாவது இங்கே அடிக்கடி நடக்கும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளி ஒட்டுங்கள். நடுவில் ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டிப் பயனில்லை. இரவில் ஆளில்லாத மாடிகளில் விளக்கை அணைத்துவிடுங்கள்.

ஆறு மாதம் கழித்து அதே நான்கு இடங்களில், அதே ஏழரை மணிக்கு மறுபடி எண்ணுங்கள். புல் வெட்டும் குத்தகையைப் புதுப்பிக்கும் நேரம் பார்த்து இரண்டு தாள்களையும் அலுவலகத்துக்கு எடுத்துப் போங்கள். எந்த மூலையை வெட்டக் கூடாது, மரத்தடியிலிருந்து மெஷின் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், புழு இருக்கும் செடிக்கு மருந்து அடிக்கக் கூடாது என்ற மூன்றையும் குத்தகைத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் அந்த அண்ணன் யாருக்கும் பயப்படாமல் மெஷினை அணைக்க முடியும்.