மஹாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தல்: தோட்டப்புற மாணவர்களுக்கான வழிகாட்டி

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வந்தவுடன் வீட்டில் எழும் முதற் கேள்வி எந்தப் பல்கலைக்கழகம் என்பது. அடுத்தது, மாதச் செலவுக்கு என்ன செய்வது என்பது. அரச பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்றாலும், பேராதனையிலோ பதுளை ஊவா வெல்லஸ்ஸவிலோ தங்கிப் படிக்கும் பிள்ளைக்குச் சாப்பாடு, பஸ் காசு, போட்டோகொப்பி என்று காசு கரைந்துகொண்டே இருக்கும். அந்தச் செலவில் ஒரு பகுதியைத் தாங்குவதற்கென இருப்பதே மஹாபொல புலமைப்பரிசில். அப்போதைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் முயற்சியால், 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இந்த நம்பிக்கை நிதியம் அமைக்கப்பட்டது. சிங்களத்தில் ‘மஹா பொல’ என்றால் பெரிய சந்தை. வர்த்தகக் கண்காட்சிகளின் வருமானத்தில் தொடங்கியதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இதில் திறமைப் பிரிவு, சாதாரணப் பிரிவு என இரண்டு உண்டு. திறமைப் பிரிவுக்குரியவர்கள் இசட் புள்ளி வரிசைப்படி தெரிவாகின்றனர். சாதாரணப் பிரிவில் குடும்பத்தின் பொருளாதார நிலை முக்கிய இடம் பெறுகிறது. நீண்ட காலமாகத் திறமைப் பிரிவுக்கு மாதம் 5,050 ரூபாவும் சாதாரணப் பிரிவுக்கு 5,000 ரூபாவும் வழங்கப்பட்டன. திறமைக்கு மாதம் 50 ரூபா என்று மாணவர்கள் கேலி பேசுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவை 7,500 ஆகவும், மஹாபொல கிடைக்காதவர்களுக்கான பர்சரி உதவித்தொகையை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ஆகவும் உயர்த்துவதாக அறிவிக்கப்பட்டது.

இசட் புள்ளி எப்படி வருகிறது என்பதைப் பெற்றோரும் ஒருமுறை விளங்கிக்கொள்வது நல்லது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால், அதாவது எல்லோருடைய புள்ளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் அளவால் வகுப்பார்கள். உதாரணமாக, சராசரி 50, நியம விலகல் 12 ஆகவுள்ள பாடத்தில் 68 புள்ளி எடுத்தவருக்கு 1.5 வரும். சராசரி 65, நியம விலகல் 10 ஆகவுள்ள இன்னொரு பாடத்தில் அவரே 74 எடுத்திருந்தாலும் அதற்கு 0.9 தான். மூன்றாவது பாடத்தில் 1.8 வந்தால், மூன்றின் சராசரியான 1.4 அவருடைய இசட் புள்ளியாகும். ஆகவே மூன்று ‘ஏ’ எடுத்த பிள்ளைக்கு இரண்டு ‘ஏ’யும் ஒரு ‘பி’யும் எடுத்தவரைவிடக் குறைந்த இசட் புள்ளி வருவதும் நடக்கக்கூடியதே, பெறுபேற்றுத் தாளில் எழுத்தைப் பார்த்துவிட்டுத் திறமைப் பிரிவு நிச்சயம் என்று யாரும் இருந்துவிடக் கூடாது.

அதைவிட முக்கியமானது கடதாசி வேலை. இசட் புள்ளி பரீட்சைத் திணைக்களத்திலிருந்து தானாக வந்துவிடும். வருமானத்தை நாம்தான் நிரூபிக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தகுதி இருந்தும் பின்தங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது, சில வருடங்களாக லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுத்து வரும் என்னுடைய அனுபவம்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, அனுமதி நடவடிக்கைகளோடு சேர்த்து மஹாபொலவுக்கும் விண்ணப்பம் கோரும். குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தி, பிரதேச செயலாளர் மேலொப்பமிட வேண்டும். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் கடைசிப் பன்னிரண்டு மாதச் சம்பளச் சிட்டுகளையும் முதலிலேயே தேடி எடுத்து, மாத வரிசையில் அடுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். சிட்டு தொலைந்திருந்தால் தோட்ட அலுவலகத்தில் கிளார்க்கர் ஐயாவிடம் செக்ரோல் (தொழிலாளரின் வேலை நாள், சம்பளப் பதிவேடு) பதிவின்படி ஒரு கடிதம் கேட்கலாம். சம்பள நாளுக்கு முந்திய வாரத்தில் போய் நின்றால் அவருக்குத் தலை நிமிர நேரமிருக்காது.

கணக்குக் காட்டும்போது மொத்தச் சம்பளமும் கைக்கு வரும் சம்பளமும் குழம்பிவிடக் கூடாது. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளப்படி, மாதம் 20 பேர் விழுந்த, அதாவது 20 நாள் வேலை பதிவான தாய்க்கு 27,000 ரூபா வரும். அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,160 ரூபா கழியும். முற்பணமும் கடனும் அதற்கு மேல். படிவம் கேட்பது கழிவுக்கு முந்திய தொகையை. ஆண்டுக்கு 3,24,000 என்று எழுதவேண்டிய இடத்தில் கைக்கு வந்த தொகையை எழுதினால், சிட்டோடு ஒத்துப்பார்க்கும்போது வருமானத்தை மறைத்ததாகத் தோன்றும். கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன் வீட்டுக்கு அனுப்பும் காசைப் பற்றிப் படிவம் கேட்டிருந்தால் அதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும்.

அடுத்தது பெயர். ஒரு மாணவிக்கு நான் படிவம் நிரப்பியபோது, பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் ஓர் எழுத்து மாறியும், செக்ரோலில் தோட்டத்தில் எல்லோரும் அழைக்கும் வேறொரு பெயராகவும் இருந்தன. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடிக்க நான்கு நாட்கள் ஓடிப்போயின. முடிவுத் திகதிக்கு முதல் நாள் மாலைதான் வேலை முடிந்தது. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்களிலேயே இதைச் செய்துவிடலாம். முகவரியிலும் கவனம் தேவை: நோர்வூட், தலவாக்கலை ஆகியவை தனிப் பிரதேச செயலகப் பிரிவுகளான பின்னரும் பழைய கடதாசிகளில் அம்பகமுவ, நுவரெலியா என்றே இருக்கும். தோட்டத்தின் பெயரோடு டிவிசன் பெயரையும் கிராம உத்தியோகத்தர் பிரிவு இலக்கத்தையும் எழுதினால் குழப்பம் குறையும்.

மஹாபொல பெயர்ப்பட்டியலில் இடம் கிடைக்காவிட்டால் பர்சரிக்கு விண்ணப்பிக்கலாம். இதற்குப் பல்கலைக்கழகத்துக்குள் மாணவர் நலன் பிரிவில் அறிவித்தல் போடுவார்கள். படிக்கும் சகோதரர்களின் விபரமும் அங்கே தேவைப்படும் என்பதால் அவர்களுடைய பாடசாலை அதிபரின் கடிதத்தையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தின் ஊடாக வழங்கப்படும் புலமைப்பரிசிலும் உண்டு. வேறு உதவி பெறுகிறீர்களா என்று எந்தப் படிவத்தில் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

தெரிவான பிறகும் முதல் தவணை கைக்கு வர மாதங்கள் எடுக்கலாம். எனவே முதல் சில மாதச் செலவுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். புலமைப்பரிசிலை நம்பி வட்டிக்கு வாங்குவது வேண்டாம். விரிவுரைக்கு ஒழுங்காகப் போகாவிட்டாலோ, பரீட்சையில் தவறி அதே வருடத்தில் நின்றாலோ கொடுப்பனவு தடைப்படலாம். சுகவீனத்தால் வராமலிருந்தால் மருத்துவச் சான்றிதழை உரிய நாட்களுக்குள் பீட அலுவலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்கான முத்திரையைப் பிரதியில் வாங்கி வையுங்கள்.