சாயத்தைக் கொட்டிவிட்டுச் சக்கையைச் சாப்பிடலாமா?

சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது நாம் எல்லாரும் பார்ப்பது தோலைத்தான். பளபளவென்று, கருநீலமாக, சுருக்கம் இல்லாமல் இருக்கவேண்டும். வீட்டுக்கு வந்ததும் அதே தோலைச் சிலர் சீவி எறிந்துவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்காது. கத்தரிக்காயின் ஊதா நிறமிக்கு நாசுனின் என்று பெயர். அது இருப்பது தோலில்தான், உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையில் இல்லை. கொத்சுக்குச் சுட்டால் தோலை உரித்துத்தான் ஆகவேண்டும், அது வேறு. சாம்பாருக்கும் பொரியலுக்கும் தோலோடு போடுங்கள்.

நாசுனின், ஆந்தோசயனின் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. நாவற்பழம், கறுப்புத் திராட்சை, புளூபெர்ரி, ஊதா முட்டைக்கோஸ், கருப்பரிசி எல்லாவற்றுக்கும் நிறம் தருவது இந்தக் குடும்பம். கிரேக்க மொழியில் பூ, நீலம் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து 1835இல் லுட்விக் மார்க்வார்ட் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர் இது. இந்த நிறமி தண்ணீரில் கரையும், நெடுநேரச் சூட்டில் சிதையும். சமையலறையில் நாம் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் மறப்பதால் வருபவை.

கருப்பரிசியையே எடுத்துக்கொள்வோம். புளுட் ஹித்தாம் என்ற கருப்பரிசி இனிப்புக் கஞ்சி செய்வதற்கு இரவே ஊறவைக்கிறோம். காலையில் தண்ணீர் கருஞ்சிவப்பாக இருக்கும். அதை அழுக்கு என்று நினைத்து, வெள்ளையாக வரும்வரை நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தவிட்டிலிருந்து இறங்கிய நிறமி அப்படியே தொட்டிக்குள் போய்விடுகிறது. ஊறவைப்பதற்கு முன்னால் ஒருமுறை வேகமாக அலசிவிடுங்கள். அப்புறம் ஊறிய தண்ணீரிலேயே வேகவையுங்கள். ஊதா முட்டைக்கோஸை நிறைய தண்ணீரில் அவித்து வடிப்பதும் இதே தவறுதான். ஆவியில் கொஞ்ச நேரம் வைத்தாலோ, சட்டியில் சட்டென்று வதக்கினாலோ போதும்.

சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்ப சோடா போடவேண்டாம். சோடாவின் காரத்தன்மை பட்டால் ஆந்தோசயனின் நீலமாகவும் பச்சையாகவும் மாறும், சீக்கிரம் கெட்டும் போகும். புளிப்பு பட்டால் சிவந்து, நிலைத்து நிற்கும். நோன்யா குவே என்ற பெரனாக்கான் பலகாரத்துக்கு நீல நிறம் தரும் சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறுவதும் இதனால்தான். முட்டைக்கோஸ் பொரியலை இறக்கும்போது அரை மூடி எலுமிச்சை பிழிந்து பாருங்கள், நிறம் எப்படித் தெளிகிறது என்று.

சரி, சிவப்பும் ஊதாவும் எல்லாம் ஒன்றுதானா? இல்லை. பீட்ரூட், சிவப்புத் தண்டுக்கீரை, சிவப்பு டிராகன் பழம் மூன்றிலும் இருப்பது பீட்டாலைன் என்ற வேறு வகை. ஒருநாள் காலையில் என் மாமியார் பயந்துபோய்க் கூப்பிட்டார். சிறுநீர் சிவப்பாகப் போகிறதாம். முந்தின இரவு ஒரு முழு டிராகன் பழத்தைத் தனியாகச் சாப்பிட்டிருந்தார். பீட்டாலைன் சிலருக்கு இப்படி வெளியேறும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அப்படி எதுவும் சாப்பிடாமலே சிவந்தாலோ, நிறுத்தி இரண்டு நாள் ஆகியும் மாறாவிட்டாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். பீட்ரூட் இரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைப்பதற்குக் காரணமும் நிறமி என்று பலர் நினைக்கிறார்கள். அது அதிலுள்ள நைட்ரேட்டின் வேலை. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குப் பீட்ரூட்டில் இருக்கும் ஆக்சலேட் ஆகாது. அவர்கள் தினமும் சாறு குடிப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சாறு என்றதும் இன்னொன்று. கறுப்புத் திராட்சைச் சாறு உடம்புக்கு நல்லது என்று போத்தல் போத்தலாக வாங்குகிறோம். 2022 டிசம்பர் 30 முதல் சிங்கப்பூரில் புட்டியில் வரும் பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் என்ற தரக்குறியீடு இருக்கிறதே, அதில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் கடைசித் தரமான 'டி'. சர்க்கரை சேர்க்காத திராட்சைச் சாறுகூடப் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டிவிடும். பழமாகக் கடித்துச் சாப்பிட்டால் தோலும் நாரும் சேர்ந்தே உள்ளே போகும்.

எனக்கு மிகவும் கவலை தருவது கடைசித் தவறு. ஆந்தோசயனின் உள்ள உணவை நெடுங்காலம் அதிகம் சாப்பிடுகிறவர்களிடம் இதயநோயும் இரண்டாம் வகை நீரிழிவும் குறைவாக இருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அவர்கள் மற்ற பழக்கங்களிலும் கவனமாக இருப்பவர்களாக இருக்கலாம், அதனால் நிறமிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதோடு, நாம் விழுங்கும் ஆந்தோசயனினில் மிகக் கொஞ்சம்தான் அப்படியே இரத்தத்தில் சேர்கிறது. மீதியில் பெரும்பங்கைக் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் உடைத்து வேறு பொருளாக மாற்றுகின்றன. இதையெல்லாம் யோசிக்காமல், நாவற்கொட்டைப் பொடியை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நாவலின் கருநிறம் தோலிலும் சதையிலும் இருக்கிறது, கொட்டையில் அந்த நிறமி கிடையாது. பழம் கிடைக்கும்போது சாப்பிடுங்கள், மாத்திரையையும் போடுங்கள். அளவைக் குறைக்கலாமா என்று அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது மருத்துவரிடமே கேளுங்கள். பொடி எடுத்துக்கொள்வதாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.