சீனப் பொருளாதாரத்தைப் பற்றி விவாதிப்பது எப்படி?

சீனா சரிகிறதா, உலகச் சந்தையை வெல்கிறதா என்று கேள்வியை அமைத்துக்கொண்டு விவாதத்தில் இறங்குபவர்கள் தொடக்கத்திலேயே வழிதவறிவிடுகிறார்கள். இரண்டு தரப்புக்கும் வலுவான சான்றுகள் உண்டு. ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள் அவை என்பதே என் கருத்து. ஆகவே முதலில் கேள்வியைச் சுருக்கிக்கொள்ளுங்கள்: பேசப்போவது வளர்ச்சி வேகமா, குடும்பங்களின் வருமானமா, ஏற்றுமதி வலிமையா, கடன் சுமையா என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகே எண்களை எடுக்க வேண்டும்.

அளவுகோலையும் அப்போதே முடிவு செய்துவிடுவது நல்லது. சந்தை மாற்று விகிதத்தில் டாலராகக் கணக்கிட்டால் அமெரிக்காவே பெரிய பொருளாதாரம். வாங்கும் திறன் சமநிலையில், அதாவது அந்தந்த நாட்டில் ஒரே அளவு பணம் எவ்வளவு வாங்கும் என்பதைச் சரிசெய்து கணக்கிட்டால், சீனா முந்திவிடும்.

அரசுப் புள்ளிவிவரங்கள் அனைத்தும் பொய் என்று ஒதுக்குவதும், அப்படியே ஏற்பதும் ஒரே அளவு சோம்பலான வழிகள். எண் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று பார்ப்பதே முறை. 2023 ஜூனில் நகர்ப்புறங்களில் 16 முதல் 24 வயது வரையிலானோரின் வேலையின்மை 21.3 சதவீதமாக இருந்தது. ஆகஸ்டில் அந்தத் தரவின் வெளியீடு நிறுத்தப்பட்டது. 2024 ஜனவரியில், படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களை நீக்கிய புதிய முறையில், முந்தைய டிசம்பருக்கான விகிதம் 14.9 சதவீதம் என்று வெளிவந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து வேலையின்மை குறைந்துவிட்டது என்று எவரேனும் வாதிட்டால், அங்கேயே நிறுத்தி, இரண்டும் ஒரே முறையில் கணக்கிடப்பட்டவையா என்று கேளுங்கள்.

அதேபோல், 2024-இல் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்ததாகச் சீனா அறிவித்தது. விலை மாற்றத்தைக் கழிக்காமல் நடப்பு விலையில் பார்த்தால் வளர்ச்சி ஏறத்தாழ 4.2 சதவீதமே, அதாவது பொதுவான விலைமட்டம் இறங்கியிருக்கிறது. நிறுவனங்களும் உள்ளாட்சிகளும் கடனை நடப்பு விலையில் ஈட்டும் பணத்தைக் கொண்டே அடைக்கின்றன என்பதால், கடனைப் பற்றிய விவாதத்தில் இந்த இரண்டாவது எண்ணே பயன்படும்.

விவாதத்தின் மையத்துக்கு வருவோம். சீன மொத்த உள்நாட்டு உற்பத்தியில் குடும்பங்களின் நுகர்வு ஏறத்தாழ 40 சதவீதம் மட்டுமே. பெரும்பாலான நாடுகளில் இது இதைவிட மிகவும் அதிகம். கட்டுமான நிறுவனங்களின் கடனுக்கு 2020-இல் 'மூன்று சிவப்புக் கோடுகள்' என்ற கட்டுப்பாடு வந்தபின் வீட்டுமனைத் துறை சரிந்தது. கடனில் மூழ்கிய எவர்கிராண்ட் என்ற வீட்டுமனை நிறுவனத்தைக் கலைக்க 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் உத்தரவிட்டது. சேமிப்பின் பெரும்பகுதியை வீடுகளில் போட்டிருந்த குடும்பங்கள் செலவைச் சுருக்கிக்கொண்டன. வங்கிக் கடன் தொழிற்சாலைகளின் பக்கம் திரும்பியது. உள்நாட்டில் வாங்க ஆளில்லாத பொருள்கள் வெளிநாட்டுக்குப் போயின. மின்சாரக் கார்களில் சீனாவின் வலிமையும் சீனக் குடும்பங்களின் தயக்கமும் இவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் சொல்பவரிடம் மற்றொன்றை எப்படி விளக்குவார் என்று கேட்பதே விவாதத்தை முன்னகர்த்தும்.

வர்த்தகப் போட்டியைப் பேசும்போது இருநாட்டுக் கணக்கோடு நின்றுவிடக் கூடாது. அமெரிக்கா 2018-இல் வரிகளை உயர்த்தத் தொடங்கியபோது, சீனாவுடனான அதன் சரக்கு வர்த்தகப் பற்றாக்குறை ஏறத்தாழ 41,800 கோடி டாலர். 2024-இல் அது 29,500 கோடி டாலர் அளவுக்கு இறங்கியது. வரி வென்றது என்று இதைக் காட்டலாம். ஆனால் அதே காலத்தில் உலகத்தோடு சீனாவுக்கு உள்ள சரக்கு வர்த்தக உபரி ஏறத்தாழ 35,000 கோடியிலிருந்து 99,000 கோடி டாலருக்கு மேல் உயர்ந்துவிட்டது. சீன உதிரிபாகங்கள் வியட்நாம், மெக்சிகோ வழியாகவும் அமெரிக்காவை அடைகின்றன. வரி பாதையை மாற்றியிருக்கிறது, உபரியைக் குறைக்கவில்லை.

பதிலடியின் வலிமையை வரி விகிதத்தைக் கொண்டு மட்டும் அளக்காதீர்கள். 2022 அக்டோபரில் சீனாவுக்கு உயர்தரச் சிப்புகளை ஏற்றுமதி செய்ய அமெரிக்கா தடை போட்டது. 2025 ஏப்ரலில், மின்மோட்டார் காந்தங்கள் போன்றவற்றுக்குத் தேவைப்படும் அரிய மண் தனிமங்களில் ஏழின் ஏற்றுமதிக்குச் சீனா உரிமத்தைக் கட்டாயமாக்கியது. மாற்று வழி கிடைக்க ஆண்டுகள் பிடிக்கும் பொருள் எவர் கையில் இருக்கிறது என்பதே இங்கு கேள்வி.

வரி விகிதத்தைச் சொல்லும்போதெல்லாம் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். சீனப் பொருள்கள் மீது டிரம்ப் அரசு 2025-இல் விதித்த கூடுதல் வரி ஏப்ரலில் 145 சதவீதம் வரை ஏறி, மே மாத ஜெனீவா உடன்பாட்டுக்குப் பின் 30 சதவீதமானது.