"தோ தோ" என்றால் ஓடி வர வேண்டும்: நாயைப் பழக்கும் முறை

பொன்னி எட்டு மாதக் குட்டியாக இருந்தபோது ஒரு நாள், பெங்களூரு லிங்கராஜபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குக் காஸ் சிலிண்டர் வந்தது. கதவு அரை நிமிடம் திறந்திருந்தது, அவ்வளவுதான். மூன்று மாடியும் இறங்கி, கேட்டையும் தாண்டி, ஹென்னூர் சாலைப் பக்கமாக ஓட ஆரம்பித்துவிட்டாள். "பொன்னி, வா! இங்கே வா!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தாள். கூப்பிடுவது நான்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் மீண்டும் ஓடினாள். தெருமுனையில் டீக்கடைக்காரர் ஒரு பன்னைக் காட்டி அவளை நிறுத்திப் பிடித்துக்கொண்டார். அவர் அங்கே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் "வா" என்று அவளை எதற்கெல்லாம் அழைத்தேன்? குளிப்பாட்ட, நகம் வெட்ட, காதில் மருந்து விட, ஆசையாக விளையாடிக்கொண்டிருந்தவளைச் செயினில் கட்ட. அந்தச் சொல்லைக் கேட்டு வந்ததால் அவளுக்கு ஒரு நன்மையும் கிடைத்ததில்லை. பிறகு எப்படி வருவாள்? புதிதாக நாய் வளர்ப்பவர்களுக்காக, அதன்பின் நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: புதுச் சொல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

தமிழ் வீட்டில் "வா" என்ற சொல் நாள் முழுவதும் ஒலிக்கிறது. சாப்பிட வா, உள்ளே வாங்க, சீக்கிரம் வா. வெளியே இறங்கினால் காவலாளி கன்னடத்தில் "பா, பா" என்கிறார். எதிர்வீட்டுப் பிள்ளைகள் "கம், கம்" என்கிறார்கள். இத்தனை பேர் இத்தனை விதமாக அழைத்தால், எந்த அழைப்புக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நாய்க்கு விளங்காது.

திருநெல்வேலியில் என் ஆச்சி கொல்லைப்புறத்தில் சோற்றுத் தட்டோடு நின்று "தோ... தோ தோ தோ" என்பார். எங்கிருந்தாலும் நாய் பறந்து வரும். அதையே எடுத்துக்கொண்டேன். குட்டையான ஒலியை அடுத்தடுத்து எழுப்பினால் நாய் உற்சாகமாகி நகரும். ஒரே சத்தத்தை நீட்டி, தாழ்த்திச் சொன்னால் தயங்கி நிற்கும். பாட்டிமார்கள் இதைக் காதாலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். உங்கள் தெருவில் வேறு யாராவது "தோ தோ" என்று நாய்களை அழைப்பவராக இருந்தால் மட்டும் வேறு சொல்லுக்கு மாறிக்கொள்ளுங்கள். விசில்கூடச் சரிதான். எதுவானாலும் வீட்டிலுள்ள எல்லாரும் அந்த ஒன்றையே சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி: சொல்லுக்கு ருசி ஏற்றுங்கள்

முதல் நான்கைந்து நாட்கள் நாயை எங்கும் வரச் சொல்லாதீர்கள். அருகில் நிற்கும்போதே "தோ தோ" என்று சொல்லிவிட்டு ஒரு துண்டு ஊட்டுங்கள். ஒரு தடவைக்குப் பத்துத் துண்டு, நாளைக்கு இரண்டு மூன்று தடவை போதும்.

துண்டு சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருக்கட்டும். வேகவைத்த கோழி ஈரல் பொன்னிக்கு உயிர். ஆனால் ஈரலைத் தினமும் அள்ளிக் கொடுக்கக் கூடாது என்பதால் கோழிக்கறியும் பனீரும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். உப்பு, மசாலா வேண்டாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு. தினமும் தட்டில் போடும் பிஸ்கட்டை இந்தப் பயிற்சிக்குக் கூலியாகக் கொடுக்காதீர்கள். இந்தச் சொல்லுக்கு மட்டும் கிடைக்கிற பண்டம் என்று ஒன்று இருக்க வேண்டும்.

வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். டப்பாவைத் திறக்கும் சத்தம் முதலில் கேட்டு, சொல் பிறகு வந்தால், நாய் டப்பாவுக்குத்தான் பழகும். முதலில் சொல். ஒரு நொடி சும்மா இருங்கள். அதன் பிறகே கை பைக்குள் போகட்டும். நான்காம் நாள் நான் "தோ தோ" என்றதும், ஜன்னலில் புறாவைப் பார்த்துக்கொண்டிருந்த பொன்னியின் காதுகள் இரண்டும் முதலில் பின்னால் திரும்பின, பிறகு கழுத்து, பிறகு உடம்பு முழுவதும். அந்தத் திரும்பலைப் பார்த்துவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம்.

மூன்றாம் படி: அறைக்கு அறை, கழுத்துப்பட்டையோடு

இப்போது சமையலறையில் நின்றுகொண்டு கூடத்தில் இருக்கும் நாயை அழையுங்கள். வீட்டில் இருவர் இருந்தால் ஆளுக்கொரு அறையில் நின்று மாறி மாறி அழைக்கலாம். ஒரே ஒரு முறை அழையுங்கள். வராவிட்டால் இன்னும் பக்கத்தில் போய் முயலுங்கள். பத்து முறை கத்தினால், பத்தாவது முறை வந்தால் போதும் என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும்.

வந்ததும் ஒரு கையால் கழுத்துப்பட்டையை மெதுவாகப் பிடியுங்கள், மறுகையால் ஊட்டுங்கள், பிறகு விட்டுவிடுங்கள். இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். அருகில் வரை வந்துவிட்டு, கை நீண்டதும் நழுவி ஓடும் நாய்கள் நிறைய உண்டு. வந்த நாயைப் பிடிக்க முடியாவிட்டால் அது வந்து என்ன பயன்? பட்டையில் கை பட்டால் ஈரல் வரும் என்று தெரிந்த நாய், கழுத்தைத் தானே கொண்டுவந்து கையில் வைக்கும்.

நான்காம் படி: நீளக் கயிறு

வெளியே இறங்கியதும் கற்றதெல்லாம் மறந்ததுபோல் இருக்கும். உண்மையில் மறக்கவில்லை; குப்பைமேடு, மாடு, தெருநாய்கள், ஸ்கூட்டர் என்று உங்களோடு போட்டி போடுபவை அங்கே ஏராளம். அதனால் முதலில் ஆளில்லாத நேரத்தில், சுவரும் கேட்டும் உள்ள வாகன நிறுத்தத்தில் தொடங்குங்கள். காலை 6 மணிக்கு எங்கள் கட்டடத்தின் கீழே ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

பத்து மீட்டர் நீளக் கயிறு ஒன்று வாங்குங்கள். அதை மார்போடு மாட்டும் ஹார்னஸில் கட்டுங்கள், கழுத்தில் கட்டாதீர்கள். பாய்ந்தோடும் நாய் கயிற்றின் எல்லையில் சட்டென்று நின்றால் கழுத்து எலும்பு அடிபடும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது, விரல் போய்விடும். கயிறு நாயை இழுத்து வரவைப்பதற்கு அல்ல, ஓடிப்போகாமல் காப்பதற்கு.

நாய் எதையாவது முகர்ந்து முடித்துத் தலையைத் தூக்கும் கணம் பார்த்து அழையுங்கள். வந்தால் ஊட்டிவிட்டு, "போ" என்று மறுபடியும் முகர அனுப்புங்கள். பத்து முறை அழைத்தால் ஒன்பது முறை இப்படித் திருப்பி அனுப்ப வேண்டும். அழைப்பென்றால் ஆட்டம் முடிந்தது என்ற எண்ணம் அதன் மனத்தில் விழவே கூடாது.

கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தையும் தொந்தரவையும் கூட்டுங்கள், இரண்டையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள். தெருநாய்க்கு ஐம்பதடி தள்ளி வருகிற நாய், ஐந்தடியில் வராது. அழைத்தால் வரும் என்று உங்களுக்கே நம்பிக்கை இல்லாத இடத்தில் சொல்லைச் செலவழிக்காமல், நடந்துபோய்க் கூட்டி வாருங்கள்.

கெடுக்கும் பழக்கங்கள்

குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் இந்தச் சொல்லைத் தொடவே தொடாதீர்கள். தாமதமாக வந்தாலும் திட்டாதீர்கள். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. ஐந்து நிமிடம் அலைக்கழித்துவிட்டு வரும் நாயை ஓங்கி ஒரு அடி வைக்கும் பலரைத் தெருவில் பார்க்கிறேன். ஓடியதற்காக அடித்ததாக அவர் நினைக்கிறார். வந்ததற்காக அடித்தார் என்றுதான் நாய் நினைக்கிறது. அடுத்த முறை அது இன்னும் தூரம் ஓடும். எவ்வளவு கோபம் இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஈரலை நீட்டுங்கள்.

கைநழுவி ஓடிவிட்டால்

துரத்தாதீர்கள், துரத்துவது நாய்க்கு விளையாட்டு. "தோ தோ" என்று சொல்லிக்கொண்டே எதிர்த்திசையில் நீங்கள் ஓடுங்கள், அல்லது பக்கவாட்டில் திரும்பிக் குந்தி உட்காருங்கள். பெரும்பாலான நாய்கள் என்னவென்று பார்க்கத் திரும்பி வரும்.

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை நன்றாகப் பழகிய நாயும் காது கேளாததுபோல் நடந்துகொள்ளும். அந்தக் காலத்தில் நீளக் கயிற்றுக்குத் திரும்பிவிடுங்கள். சிப்பிப்பாறை, ராஜபாளையம், முதோல் போன்ற வேட்டை இன நாய் வைத்திருப்பவர்கள் கூடுதல் பொறுமையோடு இருங்கள். அசைவதைக் கண்ணால் பார்த்துத் துரத்தவென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை அவை. பூனை ஒன்று ஓடும்போது உங்கள் குரல் அவற்றுக்கு எட்டாது.

எந்த இன நாயானாலும் பெங்களூருச் சாலையில் கயிறில்லாமல் விடாதீர்கள். தீபாவளி வாரத்தில் கேட்டுக்குள்ளேகூட விடாதீர்கள். வெடிச்சத்தத்தில் மிரண்ட நாய்க்கு எந்தச் சொல்லும் காதில் விழாது. கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண் பொறித்த தகடு ஒன்றைக் கோர்த்து, எழுத்து தேய்ந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

பொன்னிக்கு இப்போது நான்கு வயது. போன மாதம் மறுபடியும் சிலிண்டர் வந்தபோது கதவிடுக்கில் நழுவி முதல் மாடி வரை இறங்கிவிட்டாள். மேலே நின்று ஒரே ஒரு முறை "தோ தோ" என்றேன். படிகளில் நகங்கள் கிறீச்சிடும் சத்தம் மேல்நோக்கி வந்தது. கையில் ஈரல் இல்லை; சமையலறைக்கு அவளைக் கூட்டிப்போய், எங்களுக்கென்று எடுத்துவைத்திருந்த முட்டையை முழுதாக உரித்துக் கொடுத்தேன்.